மூணு, மூணு

ஒவ்வொரு ஒயரையும் மூன்று முறை இழுத்துப் பார்க்கிறார் வெண்டெல் உன்ரூ. முதல் இழுப்பு, தூங்குகிற குழந்தையின் கைக்குள்ளிருந்து விரலை உருவுவது போல. இரண்டாவதில் கொஞ்சம் பலம் கூடும். மூன்றாவதில் முகம் கோணி, நாக்கு நுனி வெளியே வந்துவிடும். ஒயர் கையோடு வராவிட்டால் "ம்" என்பார். பதினாறு ஒயர்கள். நாற்பத்தெட்டு இழுப்பு. பதினாறு "ம்".

பிக்கப் வண்டியின் பின்பலகையைச் சாய்த்துப் போட்டால் அதுதான் அவருடைய மேசை. மேலே ஒரு பழைய குளியல் துண்டு. திருகு உருண்டால் துண்டு பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் அவர் கைப்பட வரைந்த மின்சுற்றுப் படம். கான்சாஸ் காற்று கொண்டுபோய்விடாதபடி அதன் நான்கு மூலையிலும் நான்கு பெரிய நட்டுகள். படத்தை அவர் பார்ப்பதே இல்லை. ஆனால் அது பக்கத்தில் இல்லாமல் ஒரு திருகையும் தொடமாட்டார்.

இழுத்துப் பார்க்கும் பழக்கம் ஒயரோடு நிற்பதில்லை. தேவாலயக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று இழுப்பு. கார் பெல்ட் மூன்று இழுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவரோடு கைகுலுக்கிவிட்டு வருகிறவர்கள் தோளைத் தடவிக்கொள்கிறார்கள்.

அறுபத்தாறு வயது. எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் முப்பத்துநான்கு வருடம் மின்வேலை. ஒல்லி உடம்பு, பெரிய காது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், கருப்பு டேப், நெயில் பாலிஷ் புட்டி ஒன்று. புட்டி மனைவி ஆர்டிஸினுடையது. பவளச் சிவப்பு. திருகை முடுக்கியதும் தலையில் ஒரு சொட்டு வைத்துவிடுவார். காய்ந்தபின் திருகு நகராது. நகர்ந்திருந்தால் பூச்சில் விரிசல் தெரியும்.

"இது கிடங்குல கத்துக்கிட்டது," என்பார். "திருகு மனுஷன் மாதிரி. ஒரு அடையாளம் வெச்சுட்டா ஒழுங்கா இருக்கும்."

இந்த அக்டோபரில் மேய்ச்சல் நிலத்துக்கு அவர் கொண்டுவந்த ராக்கெட் பதினோரு அடி. கிட்டத்தட்ட இரண்டு வெண்டெல். ஆனால் அவருடைய மூன்று வருடத்தைத் தின்றது அதன் இடுப்பில் இருக்கும் ஓர் அடி நீளக் குழாய்தான். இரண்டு முனையிலும் மூடி. உள்ளே ஒரு ப்ளைவுட் பலகை. பலகையின் ஒரு முகத்தில் ஓர் உயரமானி, ஒரு பேட்டரி, ஒரு ஸ்விட்ச். மறுமுகத்தில் அதேபோல் இன்னொரு குடித்தனம்.

உயரமானி தீப்பெட்டி அளவுதான். காற்றின் அழுத்தத்தை மோந்துபார்த்துக்கொண்டே மேலே போகும். இனி ஏற்றமில்லை என்று தெரிந்த கணத்தில் ஒரு சிட்டிகை வெடிமருந்துக்குத் தீ வைக்கும். ராக்கெட் இரண்டாகப் பிரிந்து சின்னப் பாராசூட் வெளியே வரும். எழுநூறு அடிக்கு இறங்கியதும் இன்னொரு சிட்டிகை, பெரிய பாராசூட். இரண்டும் நடக்காவிட்டால் ராக்கெட் மூக்குக் கீழாகத் திரும்பி வரும். அப்போது அதைத் தேட மண்வெட்டி வேண்டும்.

பொழுதுபோக்காக ராக்கெட் விடுகிற எங்கள் சங்கத்தில் மூன்று நிலைகள் உண்டு. மூன்றாம் நிலைச் சான்றிதழ் வேண்டுமென்றால் இரண்டு மின்சுற்றுகளும் தனித்தனியாக இருந்தாக வேண்டும். ஒரு திருகைக்கூடப் பங்குபோடக் கூடாது. ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும் என்பது கணக்கு. வெண்டெல் அந்தச் சான்றிதழுக்கு இரண்டு முறை முயன்று இரண்டு ராக்கெட்டுகளைக் கோதுமை வயலில் நட்டிருக்கிறார்.

முதல் முறை, குழாயில் உயரமானி மூச்சுவிடுவதற்காகத் துளைத்திருந்த ஓட்டைகளின் மேல், வண்ணம் பூசும்போது ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார். வானத்துக்குப் போய் வந்ததே அந்த உயரமானிகளுக்குத் தெரியாது.

இரண்டாம் முறை கதை வேறு. இரண்டு பேட்டரிகளையும் ஒரே பட்டையால் கட்டியிருந்தார். பலகையைக் குழாய்க்குள் தள்ளும்போது பட்டை நழுவி, இரண்டு பேட்டரி ஒயரும் சேர்ந்து கழன்றுவிட்டன. அன்று பிறந்ததுதான் மூன்று இழுப்பு. "ஒயருதான் நம்பவெச்சுக் கழுத்தறுத்துச்சு" என்று இன்றும் சொல்கிறார்.

ஒயர் கழன்றது உண்மை. ஆனால் கழன்றதை உயரமானி ஏவுமேடையிலேயே சொல்லியிருக்கும். அது பேசும். ஸ்விட்சைப் போட்டதும் கீச்சிடும். மூன்று கீச்சு என்றால் இரண்டு மருந்துக்கும் ஒயர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. குறைந்தால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் மின்சாரமே இல்லை. மேடையில் நின்று, முதல் உயரமானி மூணு, இரண்டாவது மூணு என்று காதால் கேட்டபிறகுதான் யாரும் இறங்கலாம்.

அந்தக் கீச்சு வெண்டெலுக்குக் கேட்பதில்லை. இது வெண்டெலைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

தானிய உலர்த்தியின் விசிறிக்குப் பக்கத்தில் முப்பத்துநான்கு அறுவடைகள் நின்ற காது. மனிதர் பேசுவது கேட்கும். மாடு கத்துவது கேட்கும். எலி, சில்வண்டு, உயரமானி மூன்றும் அவருடைய உலகத்திலிருந்து எப்போதோ போய்விட்டன. ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது என்று அது கீ கீ என்று கதற, அதன் முன்னாலேயே நின்று நிதானமாக ஊறுகாய் தின்பார். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிற ஆர்டிஸுக்கு இது தாங்காது.

"காதுக்கு மிஷின் வாங்கிக்கோ வெண்டெல்."

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீ முணுமுணுக்கற."

வீட்டுப் பட்டறையில் அவர் சமாளித்துவிடுவார். கீச்சிடும்போதெல்லாம் உயரமானியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். வெண்டெல் விளக்கை எண்ணுவார். பலகை குழாய்க்குள் போய்விட்டால் விளக்கு தெரியாது. அப்போது ராய்ஸ் பெங்ட்சன் முகத்தைப் பார்ப்பார்.

ராய்ஸ் எங்கள் ஊர்ப் பல் டாக்டர். மூன்றாம் நிலைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர். அவருடைய காதும் அப்படியொன்றும் விசேஷமில்லை. முப்பது வருடம் பல் துளைக்கும் கருவி கையில் சுழன்றிருக்கிறது. இரண்டாம் முறை மேடையில் வெண்டெல் ராய்ஸைப் பார்த்தார், ராய்ஸ் வெண்டெலைப் பார்த்தார். "மூணு?" "மூணு." இருவரும் தலையாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ராக்கெட்டை நான்கு அடி ஆழத்தில் கண்டெடுத்தோம்.

இதை வெண்டெலிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர் அப்படி. ஒருவர் சட்டைப் பித்தான் தப்பாகப் போட்டிருந்தால்கூட, அவர் மனைவி வருகிறவரைக்கும் காத்திருப்போம்.

இந்த மூன்றாம் முயற்சிக்கு ஒரு பந்தயம் இருந்தது. வெண்டெலின் ராக்கெட் வளர்ந்தது வீட்டுக் கார் ஷெட்டில். அதனால் ஆர்டிஸின் கார் மூன்று வருடமாக வெளியே நிற்கிறது. இரண்டு ஆலங்கட்டி மழை வாங்கி அதன் கூரை அம்மைத் தழும்பு போல் ஆகிவிட்டது. செப்டம்பரில் தேவாலய விருந்தில், எல்லோர் முன்னாலும், கறியும் முட்டைக்கோசும் அடைத்த பீராக் ரொட்டியை வாயில் கடித்தபடி வெண்டெல் அறிவித்தார்: "இதுவும் மண்ணுக்குள்ள போச்சுன்னா நான் நிறுத்திட்டேன். ஷெட்டு ஆர்டிஸுக்கு." ஆர்டிஸ் மெதுவாகத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றார். கேட்டோம். அந்த ஷெட்டு போனால் வெண்டெல் எங்கே உட்காருவார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு எந்த இடமும் தோன்றவில்லை.

சனிக்கிழமை. லீலண்ட் ஹார்ம்ஸின் மேய்ச்சல் நிலம். வான்வெளி அனுமதி நாலு மணி வரைக்கும். பறக்கும் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் விவர அட்டை எழுதுவது என் வேலை.

ஒரு மணிக்கு வெண்டெல் பலகையை வெளியே வைத்து ஸ்விட்சுகளைப் போட்டுப் பார்த்தார். சிவப்பு விளக்கு மூன்று, சிவப்பு விளக்கு மூன்று. அணைத்தார். நாற்பத்தெட்டு இழுப்பு. எல்லாத் திருகுகளுக்கும் பவளச் சிவப்பு. வாயால் ஊதிக் காயவைத்தார். பலகை குழாய்க்குள் போனது. மூடி விழுந்தது. மூடியையும் மூன்று முறை இழுத்தார்.

"நானும் மேடைக்கு வரேன்," என்றார் ஆர்டிஸ். வழக்கமாக அவர் வண்டியிலேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறவர்.

"நீ எதுக்கு? ராய்ஸ் வரான்ல."

"ஷெட்டு உனக்கா எனக்கான்னு முடிவாகறப்ப நான் இங்க உக்காந்து ஊசி குத்திட்டிருக்கணுமா?"

"வந்தா பேசக்கூடாது."

"நாப்பத்தொரு வருஷமா அதைத்தானே பண்றேன்."

ராய்ஸுக்கு இருமல் வந்தது.

நாலு பேரும் நடந்தோம். ராக்கெட்டை ஏவுதண்டில் கோத்து நிமிர்த்தினார்கள். வெண்டெல் முக்காலியில் ஏறி, குழாயிலிருந்த துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு முதல் ஸ்விட்சைத் திருகினார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நெஞ்சுச் சளியைக் கேட்கும் டாக்டர் மாதிரி நின்றார்.

"மூணு," என்றார்.

இரண்டாவது துளை. கண் மூடல். தலைச் சாய்வு. "மூணு."

"மூணு, மூணு," என்றார் ராய்ஸ், மேகத்தைப் பார்த்துக்கொண்டே. நான் அட்டையில் பென்சிலை வைத்தேன்.

"எது மூணு?" என்றார் ஆர்டிஸ்.

"உயரமானி."

"எந்த உயரமானி?"

"ஆர்டிஸ், பேசக்கூடாதுன்னு சொன்னேன்."

"நான் பேசல. அதுவும் பேசலைங்கறேன்."



"ராய்ஸ், உனக்குக் கேட்டுச்சா?" என்று ஆர்டிஸ் திரும்பினார்.

"வெண்டெல் சொன்னான்ல."

"வெண்டெல், உனக்கு?"

"ராய்ஸும் சொன்னானே."

ஆர்டிஸ் என்னைப் பார்த்தார். நான் பென்சில் முனையைப் பார்த்தேன். எனக்கும் ஐம்பத்தொன்பது ஆகிறது.

அவர் முக்காலியிலிருந்து வெண்டெலை இறக்கிவிட்டுத் தானே ஏறி, துளையில் காதை வைத்தார். "ஒரு எறும்பு நடக்கற சத்தம்கூட இல்ல."

வெண்டெல் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பிறகு ராக்கெட்டைச் சாய்க்க ஆரம்பித்தார். பாதி சாய்ந்தபோது சொன்னார். "சும்மா இருந்திருந்தா ஷெட்டு உனக்குக் கெடச்சிருக்கும்."

"தெரியும். எனக்குத்தான் வாயை மூடிட்டிருக்கத் தெரியாதே. நீதான் தினம் சொல்றியே."

பின்பலகைக்குத் திரும்பியபோது மணி இரண்டே முக்கால். மூடியைத் திறந்து பலகையை உருவினார் வெண்டெல். நாற்பத்தெட்டு இழுப்பு. பதினாறு "ம்". ஒவ்வொரு "ம்"மும் முந்தியதைவிடச் சின்னதாக இருந்தது. ஒயர் எல்லாம் சரி. பேட்டரி சரி. ஸ்விட்சைத் திருகினால் விளக்கு இல்லை. முப்பத்துநான்கு வருட மின்வேலைக்காரர் இரண்டு கையையும் துண்டின் மேல் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி நின்றார்.

ராய்ஸ் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார்.

"யோவ், இது என்ன செவப்பா?"

"நெயில் பாலிஷ். திருகு கழலக்கூடாதுன்னு."

"ஸ்விட்ச் திருகுக்குமா?"

"எல்லாத் திருகுக்கும்."

"ஸ்விட்ச்சே அந்தத் திருகுதான்யா! அது இறங்கித் தகட்டைத் தொட்டாத்தான் கரெண்ட்டு. நடுவுல நீ பாலிஷ் ஊத்தி ஆறவெச்சிருக்க."

வெண்டெல் குனிந்து பார்த்தார். "ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும். ரெண்டும் தனித்தனியாத்தான் கெட்டிருக்கு. அந்த வகையில விதிப்படி சரி."

ஆர்டிஸ் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதிக்குமேல் காலி. "கல்யாணமான நாள்லேருந்து என் நகம் என்ன கலர்னு கேட்டதில்ல இந்த மனுஷன். திருகுக்குப் பாரு, ரெண்டு கோட்டு."

ராய்ஸ் சட்டைப் பையிலிருந்து, பல்லிடுக்கைக் குடையும் கொக்கி ஊசியை எடுத்தார். விடுமுறை நாளிலும் அது அவரோடு வரும். ஸ்விட்சின் மேல் கவிழ்ந்து, தகட்டைச் சுரண்டினார். சிவப்புச் செதிலாகப் பூச்சு வந்தது.

"வலிச்சா கையைத் தூக்கு," என்றார்.

வெண்டெல் சிரிக்கவில்லை. ஆனால் கை லேசாக உயர்ந்தது.

விளக்கு மூன்று, விளக்கு மூன்று. புட்டியை ஆர்டிஸ் தன் கைப்பையில் போட்டுப் பூட்டினார். மறுபடி மேடையில் நின்றபோது மணி மூன்று இருபத்தைந்து. காற்று மணிக்குப் பதினெட்டு மைலுக்கு ஏறியிருந்தது. இருபதைத் தாண்டினால் அன்றைக்கு எதுவும் பறக்காது.

வெண்டெல் முதல் ஸ்விட்சைத் திருகினார். கண்ணை மூடவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. முக்காலிக்குப் பின்னால் நின்ற ஆர்டிஸ் அவர் முதுகில் ஒரு விரலால் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"தெரியுது, தெரியுது," என்றார் வெண்டெல், முன்னால் பார்த்தபடி.

இரண்டாவது. ஒன்று, இரண்டு. கொஞ்சம் இடைவெளி. வெண்டெலின் தோள் உயர்ந்தது. மூன்று.

"அதென்ன நடுவுல நிறுத்தற?"

"தும்மல் வந்துச்சு."

"மூணு, மூணு," என்று வெண்டெல் தேவைக்கு அதிகமான சத்தத்தில் அறிவித்தார். ராய்ஸ் இந்த முறை வெண்டெலின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆர்டிஸைப் பார்த்தார். ஆர்டிஸ் தலையசைத்த பிறகுதான் நான் எழுதினேன்.

மூன்று நாற்பதுக்கு ஏவினோம். நெருப்பு முதலில் தெரிந்தது, நெஞ்சை உதைக்கிற சத்தம் பிறகு வந்தது. ஒரு வெள்ளைக் கோடு நிமிர்ந்து போய், மெலிந்து, நின்றுவிட்டது. அதன் முனையில் எங்கள் யாருடைய கண்ணுக்கும் எதுவும் அகப்படவில்லை. வெண்டெல் மேலே பார்க்கவே இல்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ஆர்டிஸ்தான் முதலில் சொன்னார். "பிரிஞ்சிடுச்சு." பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு துண்டுகள், நடுவே கயிறு, கைக்குட்டை அளவில் ஒரு பாராசூட். அது இறங்கி, இறங்கி, மாடுகளுக்கு மேலே வந்தபோது, பெரிய ஆரஞ்சுப் பாராசூட் ஒரே உதறலில் விரிந்தது. வெண்டெல் பக்கக் கண்ணாடியை மூன்று முறை இழுத்தார். "ம்," என்றார். அன்றைக்கெல்லாம் கேட்டதில் அதுதான் பெரிது.

ஒரு மைல் நடந்தோம். இரண்டு வேலிகள். ஆரஞ்சுத் துணியை ஒரு பசு மோந்துகொண்டிருந்தது. ராய்ஸ் ராக்கெட்டை மூக்கிலிருந்து வால் வரை தடவிப் பார்த்துவிட்டு, சான்றிதழ்த் தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு குழாய்ப் பக்கம் குனிந்து, காதைக் குவித்துக்கொண்டார். தரையிறங்கிய உயரமானி, எட்டிய உயரத்தைக் கீச்சுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் அத்தனை கீச்சு; அணைத்து மறுபடி போட்டாலும் மறக்காது.

"ஒன்பதாயிரம் மாதிரி இருக்கு," என்றார் ராய்ஸ்.

"உனக்குக் கேக்குதா?" என்றார் ஆர்டிஸ்.

"மாதிரின்னுதானே சொன்னேன்."

வெண்டெல் மண்டியிட்டு, ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க இரண்டாவது உயரமானியை அணைத்தார். முதலாவது மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமல், உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் பின்னால் நீட்டினார்.

ஆர்டிஸ் கைப்பையைப் புல்லில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு தட்டத் தொடங்கினார். ஒன்பது தட்டு. நிறுத்தம். மூன்று. நிறுத்தம். ஒன்று. நிறுத்தம். ஆறு.

வெண்டெல் அந்தக் கையை மூடி மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். முதல் உயரமானியை அணைத்தார். இரண்டாவதைப் போட்டார். மறு கையை நீட்டினார்.